வீக்கத்தை அடக்கிய டாக்டர் ஹெஞ்ச்

தாடையில் ஆபரேஷன் செய்துகொண்டவரை மூன்றாம் நாள் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்னம் பலாப்பழம் போல உப்பியிருக்கும். கண் இடுங்கிப் போயிருக்கும். வாயைத் திறக்க முடியாது. பெற்ற தாயே பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளத் திணறுவாள்!

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிறவியிலேயே தாடை கோணலாக அமைந்தவர்கள் உண்டு. கடைவாய்ப் பல் எலும்புக்குள் புதைந்து அவதிப்படுகிறவர்கள் உண்டு. இத்தகையவர்கள் சிகிச்சைக்குப் போகும் இடங்களில் ஒன்று, சிதம்பரம் அண்ணாமலை நகர். அங்கே ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-ம் ஆண்டு தொடங்கியது. இப்போது அது அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இந்த மாதிரி ஆபரேஷன்களில், கத்தி வைப்பதற்கு முன்பே டாக்டர்கள் ஒரு சின்ன ஊசி போடுவது உண்டு. தண்ணீர் போலத் தெளிந்த மருந்து. விலையோ சில ரூபாய்தான். அதன் பெயர் டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த ஊசி போட்டால், பலாப்பழம் போல உப்ப வேண்டிய கன்னம் எலுமிச்சம்பழ அளவோடு நின்றுவிடலாம்.

அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கார்ட்டிசோன். வீக்கத்தையும் வலியையும் அடக்கும் சக்தி அதற்கு உண்டு என்று உலகத்துக்குக் காட்டியவர் அமெரிக்க டாக்டர் பிலிப் ஹெஞ்ச்.

அவர் தாடை ஆபரேஷன் செய்கிற டாக்டர் அல்ல. ஆனால் வாயில் குறையோடு வாழ்வது என்றால் என்ன என்பதை அவர் நன்றாக அறிவார். காரணம், அந்தக் குறை அவருக்கே இருந்தது!

பிறவிக் குறை

பிலிப் ஷோவால்ட்டர் ஹெஞ்ச் 1896-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பிறக்கும்போதே வாயின் மேல் அண்ணம் பிளந்திருந்தது. அண்ணப் பிளவு என்று இதைச் சொல்வார்கள். அண்ணம் பிளந்திருந்தால் காற்று மூக்கு வழியே போய்விடும். சொற்கள் தெளிவாக வரா.

அவருடைய பேச்சை முதன் முதலில் கேட்கிறவர்களுக்குப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருந்தது. அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. நல்ல உயரம், கனத்த உடல், உரத்த குரல். மேடை ஏறிப் பேசினார். கூட்டம் கூட்டமாக டாக்டர்கள் வந்து கேட்டார்கள்.

1916-ம் ஆண்டு பட்டம் பெற்றார். 1920-ம் ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் படிப்பை முடித்தார். பிறகு ராச்செஸ்ட்டர் என்ற சிறிய ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே மேயோ கிளினிக் என்ற புகழ் பெற்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. 1926-ம் ஆண்டு அங்கே வாத நோய்ப் பிரிவுக்குத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30.

அந்தப் பதவிக்கு அன்று யாரும் போட்டி போடவில்லை என்றே சொல்லலாம். முடக்குவாதம் வந்தவருக்குக் கொடுக்க டாக்டர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. கை விரல்கள் முறுக்கிக்கொள்ளும். முழங்கால் வீங்கிப் பூட்டிக்கொள்ளும். வாலிப வயதிலேயே படுக்கையில் விழுந்தவர்கள் அப்படியே கிடப்பார்கள். வந்த நோய் திரும்பிப் போகாது என்பதுதான் அன்றைய டாக்டர்களின் முடிவு.

காமாலை காட்டிய வழி

1929-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ந் தேதி. ஹெஞ்ச்சிடம் ஒரு நோயாளி வந்தார். அவரும் ஒரு டாக்டர்தான். வயது 65. முடக்குவாதக்காரர். அவருக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது. காமாலை வந்ததும் மூட்டு வலி மாயமாய் மறைந்துவிட்டது என்று அவர் தெரிவித்தார்.

வேறு டாக்டராக இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். ஹெஞ்ச் அப்படிச் செய்யவில்லை. துப்பறியும் கதைகள் என்றால் அவருக்கு உயிர். ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர். சின்னத் தடயத்தையும் விடக்கூடாது என்பது அவர் குணம்.

தேடினார். காமாலை வந்து வலி மறைந்த நோயாளிகள் மேலும் சிலர் கிடைத்தார்கள். முடக்குவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது வலி குறைவதையும் கவனித்தார். பிரசவம் ஆன பிறகு வலி திரும்பி வந்துவிடும்!

காமாலை ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். கர்ப்பம் பெண்ணுக்கு மட்டும்தான். இரண்டுக்கும் பொதுவாக உடம்புக்குள் ஏதோ ஒரு பொருள் பெருகுகிறது. அதுதான் வீக்கத்தை அடக்குகிறது. ஹெஞ்ச் இப்படித் தீர்மானித்தார். பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார்.

அந்த எக்ஸைப் பிடிக்க அவர் செய்யாத முயற்சி இல்லை. பித்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார். காமாலைக்காரரின் ரத்தத்தை முடக்குவாதக்காரருக்கு ஏற்றிப் பார்த்தார். பலன் இல்லை. ஆண்டுகள் ஓடின.

நண்பர் கெண்டல்

அதே மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல அட்ரீனல் என்ற சின்னச் சுரப்பி இருக்கிறது. கெண்டல் டன் கணக்கில் மாட்டுச் சுரப்பிகளை வாங்கி அரைத்து, அதில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏ, பி என்று எழுத்தாலேயே அவற்றுக்குப் பெயர். சுவிட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்ற நிபுணரும் இதே ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார்.

1941-ம் ஆண்டு ஜனவரியில் ஹெஞ்ச்சும் கெண்டலும் பேசிக்கொண்டிருந்தார்கள். கெண்டல் பிரித்தெடுத்த பொருள்களில் ஈ என்ற பொருளை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஹெஞ்ச் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

எழுதி வைத்தாரே தவிர, கொடுத்துப் பார்க்க மருந்து இல்லை! மலை போலச் சுரப்பியை அரைத்தாலும் கிடைப்பது சிட்டிகை அளவு. இதற்குள் உலக யுத்தமும் வந்துவிட்டது. ஹெஞ்ச் ராணுவ டாக்டராகப் போனார். கர்னல் பதவி வரை உயர்ந்தார்.

யுத்த காலத்தில் ஒரு வதந்தி பரவியது. ஜெர்மானிய விமானிகள் அட்ரீனல் சாற்றை ஊசி போட்டுக்கொண்டு வெகு உயரத்தில் பறக்கிறார்கள் என்பது அந்த வதந்தி. அதில் உண்மை இல்லை. ஆனாலும் அமெரிக்க அரசாங்கம் விழித்துக்கொண்டது. இந்தப் பொருளைச் செயற்கையாகத் தயாரிக்கப் பணத்தை வாரி இறைத்தது. மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயி சாரெட் என்ற இளைஞர் மாட்டுப் பித்தத்திலிருந்து அதைத் தயாரிக்க வழி கண்டார். முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கொண்ட நீண்ட வழி அது.

ஒரே வாரத்தில்...

1948-ம் ஆண்டு கோடையில் மேயோ கிளினிக்கில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வயது 29. ஐந்து ஆண்டுகளாக முடக்குவாதம். படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாது. ஹெஞ்ச் தனக்குத் தெரிந்த சிகிச்சை எல்லாம் செய்து பார்த்தார். குணம் இல்லை. ஆனாலும் அவள் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். ஏதாவது செய்யுங்கள் என்று மன்றாடினாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த குறிப்பு ஹெஞ்ச்சின் நினைவுக்கு வந்தது. மெர்க் கம்பெனியிடம் மருந்து கேட்டு வாங்கினார்.

செப்டம்பர் 21-ந் தேதி முதல் ஊசி போடப்பட்டது. நாள் ஒன்றுக்கு 100 மில்லிகிராம். அளவைக் குறைத்திருந்தால் பலன் தெரியாமலே போயிருக்கும்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் தானாகவே புரண்டு படுத்தாள். அடுத்த நாள் நடந்தாள். கால் கொஞ்சம்தான் சாய்ந்தது. ஒரு வாரத்திற்குள் ஊருக்குள் போய், மூன்று மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினாள்!

ஹெஞ்ச் துள்ளிக் குதிக்கவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவும் இல்லை. இன்னும் பல நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார். அவரோடு டாக்டர் சுலோக்கம், டாக்டர் பாலி ஆகியோர் உழைத்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் நோயாளிகள் நடப்பதைச் சினிமாப் படமாக எடுத்தார்கள்.

1949-ம் ஆண்டு ஏப்ரலில் டாக்டர்கள் கூட்டத்தில் விஷயத்தை வெளியிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் செய்தி. ஈ என்ற பெயரை வைட்டமின் ஈ என்று ஜனங்கள் குழப்பிக்கொள்வார்கள் என்பதால் கார்ட்டிசோன் என்று புதுப் பெயர் சூட்டினார்கள்.

1950-ம் ஆண்டு ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெஞ்ச் தன் பங்குப் பணத்தை உடன் உழைத்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். முடக்குவாத நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் பான்டலியன் என்ற கன்னிகாஸ்திரீயை அவர் மறக்கவில்லை. அந்த அம்மாள் ரோமாபுரிக்குப் போய்வர அதில் ஒரு பகுதியைக் கொடுத்தார்.

நிலா முகம்

உலகம் கொண்டாடியது. முடவர்கள் நடந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஹெஞ்ச் ஆரம்பத்திலிருந்தே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். இது நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். இதை அவர் தன் முதல் அறிக்கையிலேயே தெளிவாக்கினார்.

அவர் பயந்தது நடந்தது. மாதக் கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களின் முகம் பௌர்ணமி நிலாவைப் போல வட்டமாக உப்பியது. முகத்து வீக்கத்தை வற்றவைக்கிற மருந்தே முகத்தை உப்ப வைத்தது! பிடரியில் கொழுப்பு திரண்டது. சர்க்கரை ஏறியது. வயிற்றில் புண் வந்தது. எலும்பு உளுத்தது. சிலருக்கு மனமே பேதலித்துப் போயிற்று.

இன்னொரு ஆபத்து யாரும் எதிர்பாராதது. 1952-ம் ஆண்டு அமெரிக்காவில் 34 வயது வாலிபர் ஒருவருக்கு இடுப்பு மூட்டில் ஆபரேஷன் நடந்தது. அவர் கார்ட்டிசோன் சாப்பிட்டு வந்தவர். ஆபரேஷனுக்காக அதை நிறுத்தினார்கள். ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்ததால் அவருடைய அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்து சுருங்கிப் போயிருந்தது. ஆபரேஷன் என்ற அதிர்ச்சி வந்தபோது அதற்கு எழுந்து நிற்கத் தெம்பு இல்லை.

வெகு நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதும், ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதும் அந்த வாலிபரின் சாவு கற்றுக் கொடுத்த பாடம்.

பூஞ்சை செய்த உதவி

ஆரம்பத்தில் கார்ட்டிசோன் தங்கத்தைவிட விலை அதிகம். கிராம் ஒன்றுக்கு 200 டாலர். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் மருந்து கொடுக்க 40 மாடுகளின் பித்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

பெர்சி ஜூலியன் என்ற நீக்ரோ விஞ்ஞானி, நிற வேற்றுமையால் பல கதவுகள் சாத்தப்பட்டவர், 1949-ம் ஆண்டு சோயா மொச்சையிலிருந்து இதற்கு ஒரு வழி காட்டினார். 1952-ம் ஆண்டு அப்ஜான் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். பழைய ரொட்டியில் கறுப்பாகப் படருகிறதே பூஞ்சை, அந்த ரைசோபஸ் இனத்தையே வேலைக்கு வைத்தார்கள். மனிதன் பல படிகளில் செய்த கடினமான வேலையை அது ஒரே படியில் செய்து கொடுத்தது!

விலை சரிந்தது. கிராமுக்குச் சில டாலர் என்று ஆனது. ஏழைக்கும் எட்டியது.

பிறகு கார்ட்டிசோனின் தம்பிகள் வரிசையாகப் பிறந்தார்கள். 1955-ம் ஆண்டு பிரெட்னிசோன் வந்தது. 1958-ம் ஆண்டு டெக்சாமெத்தசோன் வந்தது. கார்ட்டிசோனைவிட இது சுமார் 30 மடங்கு வேகம் உள்ளது. உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும் குணம் இதற்கு மிகக் குறைவு. தாடை ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு இதுதான் வேண்டியிருந்தது.

தாடைக்குள் நடப்பது என்ன?

எலும்பை அறுத்தால் உடம்பு அதைக் காயமாகவே பார்க்கிறது. டாக்டர் நல்லதற்கு அறுத்தாரா, சாலையில் விழுந்து அடிபட்டதா என்று அதற்குத் தெரியாது. உடனே காயத்தைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. கன்னத்தின் சதை தளர்வானது. கசிந்த நீர் அங்கே ஏரி போலத் தேங்குகிறது. இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போகிறது. தொண்டைப் பக்கம் வீங்கினால் மூச்சுக்கே ஆபத்து.

இந்த வீக்கத்தைக் கிளப்பிவிடும் ரசாயனங்கள் உற்பத்தியாவதையே ஸ்டீராய்டு தடுக்கிறது. மடை திறந்த பிறகு ஓடி வருவதைவிட, திறப்பதற்கு முன்பே அடைப்பது மேல் அல்லவா? அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே ஊசி போடுகிறார்கள். புதைந்த கடைவாய்ப் பல்லை எடுக்க 4 முதல் 8 மில்லிகிராம் போதும். வீக்கம் குறைகிறது. வாயைக் கொஞ்சம் சீக்கிரம் திறக்க முடிகிறது. வாந்தியும் மட்டுப்படுகிறது.

ஒரு வேளை, இரண்டு வேளை மருந்தில் நிலா முகம் வராது. சுரப்பியும் உறங்கிப் போகாது. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர், வயிற்றுப் புண் உள்ளவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த ஊசி கிருமியைக் கொல்லாது. உடைந்த எலும்பை ஒட்டவும் செய்யாது. முதல் நாள் பனிக்கட்டி ஒத்தடமும், தலையை உயர்த்திப் படுப்பதும், வாயைச் சுத்தமாக வைப்பதும் எப்போதும் போலத் தேவைதான்.

கடைசி நாட்கள்

ஹெஞ்ச் 1957-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று கியூபா தீவில் நிரூபித்த டாக்டர்களின் வரலாற்றை அவர் பல ஆண்டுகளாகத் திரட்டி வந்தார். கடிதங்கள், படங்கள், பழைய காகிதங்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தார். அவர் இறந்த பிறகு அந்தப் பொக்கிஷம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1965-ம் ஆண்டு மார்ச் மாதம் மனைவியுடன் ஜமைக்கா தீவுக்கு ஓய்வெடுக்கப் போனார். அங்கே நிமோனியா காய்ச்சல் கண்டது. மார்ச் 30-ந் தேதி காலமானார். வயது 69.

அவர் இறந்து 55 ஆண்டுகளுக்குப் பிறகு, கொரோனா காலத்தில், அவர் தொடங்கி வைத்த மருந்துக் குடும்பம் மறுபடியும் உலகத்தின் வாயில் அடிபட்டது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. மூச்சுக் கருவியில் கிடந்தவர்களின் சாவில் மூன்றில் ஒரு பங்கை டெக்சாமெத்தசோன் குறைத்தது. நாளுக்கு 6 மில்லிகிராம். அதிகம் போனால் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாத லேசான நோயாளிக்கு அதனால் பயன் இல்லை என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்தது.

முதல் பாதியை ஜனங்கள் கேட்டார்கள். மறு பாதியைக் கேட்கவில்லை.

2021-ம் ஆண்டு இந்தியாவில் இரண்டாம் அலை வீசியபோது, தேவை இல்லாதவர்களும் ஸ்டீராய்டு சாப்பிட்டார்கள். அளவுக்கு மேலும், நாளுக்கு மேலும் சாப்பிட்டார்கள். சர்க்கரை ஏறியது. எதிர்ப்புச் சக்தி விழுந்தது. அந்த நேரம் பார்த்து மூக்கு வழியே நுழைந்தது கறுப்புப் பூஞ்சை. கண்ணை, மேல் தாடையைத் தின்றது. உயிரைக் காப்பாற்ற மேல் தாடையையே அறுத்து எடுக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டிலும் இந்த ஆபரேஷன்கள் நடந்தன.

அந்தப் பூஞ்சை எது தெரியுமா? பெரும்பாலும் அதே ரைசோபஸ் இனம். ஸ்டீராய்டை ஏழைக்கும் எட்ட வைத்த அதே குடும்பம்!

தாடை வீக்கத்தை வற்றவைத்ததும் ஸ்டீராய்டுதான். தாடையையே பறிகொடுக்க வழி விட்டதும் ஸ்டீராய்டுதான். வித்தியாசம் மருந்தில் இல்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், யாருக்கு என்பதில்தான் இருக்கிறது.

இன்றும் முழங்கால் வலிக்கு, முகம் வெளுக்க, உடம்பு தேற என்று மருந்துக் கடையில் தாங்களாகவே ஸ்டீராய்டை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு நாளில் பலன் தெரிகிறது. நாலு மாதத்தில் வினை தெரிகிறது.

அண்ணம் பிளந்த வாயோடு பிறந்த ஹெஞ்ச்சின் பேச்சு, முதலில் கேட்டவர்களுக்கு எளிதில் புரியவில்லை. அவர் விடுத்த எச்சரிக்கையும் உலகத்துக்கு எளிதில் புரியவில்லை. அதைப் புரிந்துகொண்ட டாக்டரின் கையில், அண்ணாமலை நகரிலானாலும் அமெரிக்காவிலானாலும், அந்தச் சின்ன ஊசி ஒரு வரப்பிரசாதம். மூன்றாம் நாள் வார்டுக்கு வருகிற தாய், தன் பிள்ளையின் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறாள்.